பதினோரு கிலோ நானூறு

தாமரைக்கு எதையும் நிறுத்துப் பார்க்கிற பழக்கம். அவள் ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்து கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ். அங்கே வருகிறவர்களை ஊசி குத்துவதற்கு முன்னால் ஒரு தடவை, எல்லாம் முடிந்து கட்டிலை விட்டு இறங்கிய பிறகு ஒரு தடவை தராசில் ஏற்ற வேண்டும். நாள் முழுக்க இதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகன் ரிஷியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவாள். பிறகு அவனை இறக்கிவிட்டுத் தனியாக ஏறுவாள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் காலண்டரில் எழுதி வைப்பாள்.

அதற்குக் காரணம் இருந்தது. ரிஷி ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டவன். பிறந்தபோது ஒரு கிலோ இருநூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் உரித்த கோழிக்குஞ்சு மாதிரி கிடந்தான். வெளியே நின்ற அவள் கணவன் அழகிரி, நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு வேண்டிக்கொண்டான்.

"முருகா, இவன் நல்லபடியா வீடு வந்து சேர்ந்தான்னா, நானும் இவளும் சேர்ந்து பத்துமலைக்குக் கரும்புத் தொட்டில்ல தூக்கிட்டு வர்றோம்."

கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் துணியைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே போட்டு, ஒரு முனை தகப்பன் தோளிலும் மறுமுனை தாய் தோளிலுமாகப் படியேறுகிற நேர்த்திக்கடன் அது. தைப்பூசத்தன்று அப்படி எத்தனையோ தொட்டில்கள் ஏறும். இவர்களும் ஏறியிருப்பார்கள், அழகிரியை நாட்டை விட்டு அனுப்பாமல் இருந்திருந்தால்.

தாமரைக்கு வேலை விசா. அவள் புருஷன் என்கிற கணக்கில் அழகிரிக்குத் தங்குகிற விசா. தங்கலாம், சாப்பிடலாம், பிள்ளையைக் கொஞ்சலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. விராலிமலைப் பக்கத்தில் நாள் முழுக்க மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனால் எத்தனை நாளைக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியும்? கல்யாணச் சமையலுக்கு ஆள் போதவில்லை என்று ஒருவர் கூப்பிட, தேங்காய் துருவப் போனான். மூன்றாம் நாள் சோதனைக்கு வந்துவிட்டார்கள். இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்ட அதிகாரிக்கு முன்னால், கையில் பாதி துருவிய தேங்காய் மூடியோடு அழகிரி உட்கார்ந்திருந்தான். பொய் சொல்லவும் இடமில்லை. ஐந்து வருஷத்துக்குத் திரும்பி வர முடியாது என்று எழுதிக் கொடுத்து விமானம் ஏற்றிவிட்டார்கள். ரிஷிக்கு அப்போது எட்டு மாதம்.

ஊரில் இருந்த தாமரையின் அண்ணன் பக்கிரிசாமி அவனைப் பார்க்கக்கூட வரவில்லை. "நாலாயிரம் மைல் பறந்து போயி தேங்கா துருவிட்டு வந்திருக்காரு மாப்ள" என்று டீக்கடையில் சொன்னதோடு சரி. மைல் கணக்கு தப்பு. பேச்சு நின்று போனது மட்டும் நிஜம்.

கம்போங் மேடான் அடுக்குமாடியில் தாமரைக்குப் பக்கத்து வீடு அஃப்ரின். தொண்டியிலிருந்து வந்தவள். வேலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள், ரிஷி உட்பட. அவள் கணவர் ஜாபர் அலியையும் மூன்று வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்த விஷயத்தில் அவள்தான் மூத்தவள். அழகிரி போன மறுநாள் ஒரு தட்டில் சேமியாவோடு வந்து பாடம் எடுத்தாள்.

"மொத மாசம் அழு. ரெண்டாம் மாசம் கேஸ் தோங் மாத்தக் கத்துக்க. மூணாம் மாசம் போன்ல சண்டை போடக் கத்துக்க."

"சண்டையா?"

"ஆமா புள்ள. சாப்ட்டியா, தூங்குனியான்னு மட்டும் பேசுற போனு ரொம்ப நாள் ஓடாது. சண்டை இருந்தாத்தான் மறுநாளும் கூப்புடுவாக."

தாமரை மூன்றையும் கற்றுக்கொண்டாள். கேஸ் சிலிண்டர் மாற்றுவது மட்டும் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

இப்போது ரிஷிக்கு ஒன்றரை வயது. நடக்கிறான், கடிக்கிறான், சுவரில் ஏறப் பார்க்கிறான். அவனுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் குழப்பம். அப்பா என்றால் போன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். யார் கையில் போனைக் கண்டாலும் "அப்பா" என்று கையை ஆட்டுவான். அடுக்குமாடியின் காவலாளி ஒருமுறை அவன் எதிரில் போனை எடுத்துவிட்டு வெட்கப்பட்டு உள்ளே வைத்துக்கொண்டார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் தாமரை அஃப்ரினிடம் சொன்னாள். "வேண்டுதலை அவர் வந்த பின்னால செஞ்சுக்கலாம்னு இருக்கேன்."

அஃப்ரின் விரல் விட்டு எண்ணினாள். "அவுக வரும்போது இவனுக்கு ஆறு வயசு ஆவும். அப்ப இவன்தான் உன்னத் தொட்டில்ல தூக்கணும்."

அந்தச் சமயத்தில் வாசலில் வந்து நின்றவள் புஷ்பவல்லி. மேல்மாடிக்காரி, இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்து பேச்சோடு பேச்சாக 'லா' போடுகிறவள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், ஐம்பது வயது. ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு என்பதால் எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவாள்.

"என்ன லா மீட்டிங்கு?"

விஷயத்தைச் சொன்னார்கள். சென்டரில் வேன் ஓட்டுகிற யுகேந்திரன் ஒரு முனையைத் தூக்க வருகிறேன் என்று சொல்லியிருப்பதையும் தாமரை சொன்னாள்.

"அவனா? அவன் தூக்குனா, பாக்குறவன் பூரா புள்ளைக்கு அப்பன் இவன்தான்னு போட்டோ புடிச்சு ஃபேஸ்புக்ல போட்ருவான். அப்புறம் அழகிரி அங்கேருந்து நீந்தியே வந்துருவான். வேணாம். நான் தூக்குறேன்."

"நீங்களாக்கா?"

"ஏன், எனக்குத் தோள் இல்லியா? தெனமும் இருவது புள்ளைங்களோட பேக் தூக்குறேன். அதுல புள்ளைங்களவிட புஸ்தகம்தான் வெயிட்டு."

அஃப்ரின் சிரித்தாள். தாமரை சிரிக்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. நானும் இவளும் என்று வாய்விட்டுச் சொல்லி நேர்ந்துகொண்டது. கேஸ் மாற்றியாயிற்று, குழாய் ரிப்பேர் பார்த்தாயிற்று, கரப்பான் அடித்தாயிற்று. எல்லாம் அழகிரி செய்த வேலைகள்தான். ஆனால் இந்த ஒரு முனையையும் இன்னொருத்தர் தோளில் வைத்துவிட்டால், அவன் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்று ஆகிவிடாதா? அப்புறம் ஐந்து வருஷம் கழித்து அவன் வந்து எந்த முனையைப் பிடிப்பான்?

அன்று சாயங்காலம் போனில் அழகிரியிடமே கேட்டாள். இவள் கேட்ட விதம் சரியில்லையோ என்னவோ, அவன் அவசரமாகப் பேச்சை முடிக்கப் பார்த்தான்.

"தூக்குங்க. நல்லதுதானே" என்றான். "மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்" என்று போனை வைத்துவிட்டான்.

மூன்று நாள் அந்தக் குரலில் ஈரமே இல்லை. சாப்பிட்டியா, தூங்குனியா. சண்டைகூட இல்லை. தாமரைக்கு அதுதான் பயமாக இருந்தது. எல்லாவற்றையும் ரத்துச் செய்துவிடலாம் என்று இருந்தபோது, நான்காம் நாள் அவனே கூப்பிட்டான்.

"புள்ள எத்தனை கிலோ இருக்கான்?"

"போன ஞாயிறு பதினோரு கிலோ நானூறு. ஏங்க?"

"சும்மாதான். சரியான எடையா?"

"என் தராசு பொய் சொல்லாது."

"பூசத்தன்னிக்கு மொதப்படி எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு."

"உங்க எட்டா, எங்க எட்டா?"

"எங்க எட்டுதான். உங்க எட்டுக்கு இங்க பத்தரை ஆயிடும், வெயில் மண்டைய பொளந்துரும். எதுக்கு இதெல்லாம் கேக்குறீங்க?"

"நீ தூக்கு தாமர. புஷ்பவல்லி அக்காவப் பின்னால போகச் சொல்லு, நீ முன்னால போ. படியேறும்போது குள்ளமா இருக்குறவங்கதான் மேல இருக்கணும். இல்லன்னா புள்ள சறுக்கிட்டே வருவான்."

குள்ளம் என்று சொன்னதற்காக அன்று இருபது நிமிஷம் சண்டை நடந்தது. தாமரை நிம்மதியாகத் தூங்கினாள்.

விரதம் தொடங்கிய கையோடு ஒத்திகையும் தொடங்கியது. ஒத்திகை அஃப்ரினின் யோசனை. "தொட்டில் தூக்குறது எனக்கு வேணாம், எங்க வழக்கம் இல்ல. ஆனா படிய எண்ணுறதுக்கு எந்த மார்க்கத்துலயும் தடை கெடையாது" என்று சொல்லிவிட்டு, அடுக்குமாடியின் படிகளை எண்ணி வந்தாள். ஒரு மாடிக்குப் பதினாறு படி. கீழேயிருந்து பதினேழாவது மாடிவரை ஏறினால் இருநூற்று எழுபத்திரண்டு. பத்துமலைக்கும் அதே இருநூற்று எழுபத்திரண்டு.

"பாத்தியா, முருகன் நம்ம லிஃப்ட்ட எதுக்கு ரிப்பேர் ஆக்கி வச்சிருக்காருன்னு" என்றாள் புஷ்பவல்லி.

தண்ணீர்க் குழாய் ஒன்றில் பழைய மஞ்சள் சேலையைத் தொட்டிலாகக் கட்டினார்கள். ரிஷிக்குப் பதிலாகப் பத்துக் கிலோ அரிசி மூட்டை, ஒரு கிலோ சீனி, நானூறு கிராம் பருப்பு. தாமரை நிறுத்துத்தான் வைத்தாள். ரிஷி அஃப்ரினின் இடுப்பில் உட்கார்ந்து, தன் இடத்தில் அரிசி போவதைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

முதல் நாள் நான்காவது மாடியில் தாமரைக்கு மூச்சு வாங்கியது. ஒன்பதாவது மாடியில் தம்புசாமி அங்கிள் இரும்புக் கதவைத் திறந்தவர், துணியில் எதையோ கட்டித் தூக்கிக்கொண்டு மூன்று பெண்கள் ஏறுவதைப் பார்த்துத் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"யாரும்மா? எப்ப ஆச்சு?"

"அரிசி, அங்கிள்" என்றாள் புஷ்பவல்லி. "நேத்தே செத்துப்போச்சு. மேல கொண்டுபோயிப் பொங்கப் போறோம்."

இரண்டாம் வாரத்தில் பன்னிரண்டாவது மாடிவரை நிற்காமல் ஏறினார்கள். பத்தாவது மாடி மலாய்க்காரப் பாட்டி, எல்லாருக்கும் மக்சிக், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்களுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். அவர்கள் கடக்கும்போது ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுப்பார். விரதம் என்றால் பேரீச்சம்பழம்தான் என்பது அவருடைய முடிவு.

கரும்பில்தான் கோட்டை விட்டார்கள். கரும்பு என் பொறுப்பு என்று சொன்ன புஷ்பவல்லி, இரவுச் சந்தையில் கரும்புச்சாறு பிழிகிற ஆளிடம் நாலு முழுக் கரும்பு சொல்லி வைத்தாள். சாமிக்கு, அதனால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர். சாமிக்கு என்றதும் வழக்கத்தைவிட அக்கறையாகத் தோலைச் சீவி, கணுவைச் செதுக்கி, கழுவி, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டில் வந்து பிரித்தால் நாலும் வெள்ளை வெளேரென்று வழுவழுத்துக்கொண்டு, கையில் பிடித்தால் நழுவுகிறது.

"கேக்காமயே தோல உரிச்சுட்டான்க்கா" என்று தாமரை தலையில் கை வைத்தாள்.

"சுத்தமா வேணும்னேன். சுத்தமாத்தானே இருக்கு."

அதை நடைபாதையில் சாத்தி வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் எறும்பு வந்தது, இரண்டு மணி நேரத்தில் அந்த மாடியின் பிள்ளைகள் வந்தார்கள். சாயங்காலம் சக்கை மட்டும் மிச்சம்.

மறுநாள் வேலை முடிந்து கிள்ளான் லிட்டில் இந்தியா முழுக்கத் தாமரை அலைந்தாள். பொங்கல் முடிந்து ரொம்ப நாளாகிவிட்டதால் கரும்பு இல்லை. கடைசியாக ஒரு பூக்கடையின் பின்னால் தோகையோடு நாலு கறுப்புக் கரும்பு கிடந்தது. கொஞ்சம் கோணல். தொட்டில் கட்ட என்றதும் கடைக்காரம்மா காசு வாங்க மாட்டேன் என்றார். "புள்ள பேரு என்னா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ரயிலில் அந்தக் கரும்போடு நின்றபடி வந்தபோது, தோகை நாலு பேர் மூக்கில் பட்டது. யாரும் திட்டவில்லை. தைப்பூச மாதத்தில் ரயிலில் அதற்கெல்லாம் ஒரு சலுகை உண்டு.

தைப்பூசத்தன்று விடியும் முன்பே புஷ்பவல்லியின் வேனில் கிளம்பினார்கள். வழியில் நிறுத்திவிட்டு ரயில் பிடித்தார்கள். ஆற்றங்கரையில் குளித்து, மஞ்சள் உடுத்தி, கரும்பில் வேப்பிலை செருகி, தொட்டில் கட்டி, ரிஷியை உள்ளே விட்டார்கள். தாமரை அழகிரியைப் போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். லட்சக்கணக்கான ஜனங்களின் போன்கள் ஒரே இடத்தில் இருந்தால் எந்த லைன் கிடைக்கும்? கிடைக்கவில்லை. போனையும் செருப்புகளையும் பையையும் அஃப்ரினிடம் கொடுத்தாள்.

"நான் இந்தத் தூணுகிட்டயே நிக்கிறேன்" என்றாள் அஃப்ரின். "நீங்க பாட்டுக்கு ஏறுங்க. எண்ணிக்கிட்டே போங்க. பதினாறுக்கு ஒரு மாடி, மறந்துராதீக."

மணி எட்டு. தாமரை முதல் படியில் கால் வைத்தாள்.

ஒத்திகையில் எல்லாம் பார்த்தார்கள், ஒன்றை மறந்துவிட்டார்கள். அரிசி மூட்டை சும்மா கிடக்கும். ரிஷி கிடக்கவில்லை. மூன்றாவது மாடியில், அதாவது நாற்பத்தெட்டாவது படியில், எழுந்து உட்கார்ந்தான். ஐந்தாவது மாடியில் நின்றான். பிறகு இரண்டு கையாலும் கரும்பைப் பிடித்துக் கடிக்க ஆரம்பித்தான். தொட்டில் இடமும் வலமுமாக ஆடியது.

"உக்காரு டா சின்னத் தம்பி" என்று பின்னாலிருந்து புஷ்பவல்லி கெஞ்சினாள். "வேன்ல நின்னா ஃபைன் போடுவேன் தெரியும்ல."

தொட்டில் வருவதைக் கண்டு இரண்டு பக்கமும் ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒதுங்கியவர்கள் எல்லாரும் செய்கிற காரியத்தைத்தான் செய்தார்கள். போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ரிஷி நிமிர்ந்து பார்த்தான். இடது பக்கம் நூறு போன், வலது பக்கம் நூறு போன். அவன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷத்தைக் கண்டதில்லை.

"அப்பா" என்றான் ஒரு சீக்கிய வாலிபனைப் பார்த்து. "அப்பா" என்றான் ஒரு சீனத் தாத்தாவிடம். "அப்பா, அப்பா, அப்பா" என்று படிக்குப் படி கைநீட்டிக்கொண்டே போனான். ஒரு வெள்ளைக்காரர் என்ன சொல்கிறான் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, காது வரை சிவந்து, மனைவியைத் திரும்பிப் பார்த்தார். படிக்கட்டே சிரித்தது.

"யுகேந்திரன் ஒருத்தனுக்குப் பயந்தோம்" என்றாள் புஷ்பவல்லி மூச்சு வாங்கிக்கொண்டு. "இப்ப பாரு, பத்துமல பூரா சம்பந்தம் பண்ணிட்டான்."

தாமரைக்குச் சிரிப்பும் மூச்சிரைப்பும் ஒன்றாக வந்தன. கண்ணும் கலங்கியது, எதனால் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. பன்னிரண்டாவது மாடி தாண்டியதும் தோள் இற்றுப்போகிற மாதிரி வலித்தது. முன்னால் போகிறவளுக்குப் பின்னால் இருப்பவர் தெரியாது. திரும்பிப் பார்த்தால் தொட்டில் ஆடும். கரும்பு ஏறுவதையும் இறங்குவதையும் வைத்துத்தான் அங்கே ஒருவர் இருக்கிறார் என்று நம்ப வேண்டும். கரும்பு சரியாக இருந்தது. இவள் ஒரு படி வைத்தால் அதுவும் ஒரு படி வைத்தது. பத்து மாதமாக இப்படித்தானே நடக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. முகத்தைப் பார்க்காமல், கனத்தை மட்டும் உணர்ந்துகொண்டு.

பதினேழாவது மாடி. இருநூற்று எழுபத்திரண்டு. குகைக்குள் காற்று குளிர்ந்து வந்து முகத்தில் பட்டது.

சந்நிதியில் தொட்டிலை இறக்கினார்கள். ரிஷியின் நெற்றியில் திருநீறு பூசினார்கள், வாயில் இருந்த கரும்புச் சக்கையை எடுக்க முடியவில்லை. புஷ்பவல்லி தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "நான் இங்கேயே இருந்துடுறேன் லா. வேன் சாவிய யாருக்காச்சும் குடுத்துரு."

கீழே இறங்கி அஃப்ரினிடம் வந்து, நாலு பேருமாக ரயில் நிலையத்துக்கு நடந்து, ரயில் இரண்டு நிலையம் தாண்டிய பிறகுதான் போனுக்கு உயிர் வந்தது. அழகிரியிடமிருந்து ஒரு படமும் ஒரு குரல் பதிவும் வந்திருந்தன.

படத்தில் பொழுது இன்னும் விடிந்திருக்கவில்லை. விராலிமலை முருகன் கோயில் படிக்கட்டு, குழல்விளக்கு வெளிச்சம். கரும்பில் கட்டிய மஞ்சள் தொட்டில். அதற்குள் ஓர் அரிசி மூட்டை. மூட்டையின் தலையில் ரிஷி ஆறு மாதத்தில் போட்டிருந்த நீலக் குல்லாய், அழகிரி ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒளித்து எடுத்துப்போனது. பின்முனையில் அழகிரி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. முன்முனையில் தூக்கக் கலக்கத்தோடு, உலகத்தின் மேலேயே கோபமாக, அண்ணன் பக்கிரிசாமி.

தாமரை குரல் பதிவைப் போட்டாள். மூன்று பெண்களின் தலையும் போனை நோக்கிச் சாய்ந்தன. ரிஷி "அப்பா" என்றான். இந்தத் தடவை சரியாகச் சொன்னான்.

"தாமர, உங்க எட்டு மணிக்கு இங்க அஞ்சர. கரெக்டா மொதப்படி வச்சோம். பதினோரு கிலோ நானூறு, ரேஷன் கடத் தராசுல போட்டு வாங்குனேன். இங்க படி கம்மி, இருநூத்திச் சொச்சம்தான். அதனால மிச்சத்தக் கீழ எறங்கி மறுபடி ஏறிக் கணக்க முடிச்சோம். நீ முன்னால புடிச்ச, நான் பின்னால புடிச்சேன். வேண்டுதல் முடிஞ்சுது. இந்தா, உங்கண்ணன் பேசணுங்குறாரு."

கொஞ்சம் செருமல். பிறகு பக்கிரிசாமியின் குரல்.

"தங்கச்சி. தாய்மாமன் நான் இருக்கும்போது வேற எவனையோ கூப்புடப் போனாரு இவரு. அதான் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு, இவரு தேங்கா துருவத்தான் லாயக்கு. படியில என் கால மிதிச்சுட்டே வந்தாரு."

பின்னால் அழகிரி சிரிப்பது கேட்டது. புஷ்பவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வை என்றாள். ரயிலில் குளிர்சாதனம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அஃப்ரின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "மச்சானும் மாப்ளயும் பேசிட்டாக. எங்க வீட்டு ஆளுக்கும் இத அனுப்பு புள்ள. அவுகளும் என் அண்ணனும் மூணு வருசமா மொகத்தத் திருப்பிக்கிட்டு இருக்காக. ஒரு அரிசி மூட்டைய வாங்கி ரெண்டு பேரு தோள்லயும் வச்சுரலாம்."

வீட்டுக்கு வந்ததும் புஷ்பவல்லி கால் பிடித்துவிட ஆள் தேடினாள். அஃப்ரின் இஞ்சித் தேநீர் போட்டாள். தாமரைக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே. ரிஷியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினாள். இறக்கிவிட்டுத் தனியாக ஏறினாள். கழித்துப் பார்த்தாள். காலண்டரில் எழுதினாள். பிறகு போனை எடுத்து அழகிரிக்கு அனுப்பினாள்.

"இன்னிக்கு பதினோரு கிலோ அறுநூறு. இருநூறு கிராம் கம்மியா தூக்கிருக்கீங்க."

பதில் உடனே வந்தது.

"கரும்பத் தின்னுட்டு எடை போட்டா அப்படித்தான் காட்டும். உன் தராசு பொய் சொல்லுது."

தாமரை நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். இந்தச் சண்டை ஒரு வாரத்துக்குத் தாங்கும்.